கல்நாரும் நுரையீரல் கணக்கும்

பிரெஞ்சில் கல்நாருக்கு 'அமியாந்த்' என்று பெயர். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த நாட்களில் கற்ற சொல் அது. வேர் கிரேக்கம், 'கறைபடாதது' என்று பொருள். நெருப்பில் போட்டு எடுத்தால் அந்தத் துணி வெளுத்து வரும் என்பதால் அப்படி ஒரு பெயர். 'ஆஸ்பெஸ்டாஸ்' என்பதும் கிரேக்கம்தான், 'அணையாதது' என்று பொருள். இரண்டையும்விட நம் 'கல்நார்' உள்ளதை உள்ளபடி சொல்கிறது. கல்லிலிருந்து உரித்தெடுக்கிற நார், அவ்வளவுதான்.

சேலம், நாமக்கல் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கோழிப்பண்ணைக் கொட்டகை, தறிக்கூடம், வீட்டுத் தாழ்வாரம் என்று எங்கே பார்த்தாலும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். லாரி பிரேக் லைனிங்கிலும் பல காலம் அதுதான். பட்டறையில் டிரம்மைக் கழற்றி, கம்ப்ரசர் காற்றைப் பிடித்து ஒரு ஊது ஊதினால் கறுப்புத் தூசி புகைபோல எழும்பும். லாரிக்குப் பேர்போன நம் ஊரில் இதைப் பார்க்காத பெரியவர்கள் இருக்க முடியாது.

இந்தத் தூசி உள்ளே போய் என்ன செய்கிறது என்று மனிதன் கேட்கத் தொடங்கி நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. லண்டன் சேரிங் கிராஸ் மருத்துவமனையில் மொன்டேகு மர்ரே என்ற மருத்துவர், கல்நார் ஆலையில் வேலை செய்து இறந்த ஒருவரின் நுரையீரலை அறுத்துப் பார்த்தார். உள்ளே கல்நார்த் துணுக்குகள் இருந்தன. தன்னோடு அந்த அறையில் வேலை செய்த பத்துப் பேரில் தான் மட்டுமே மிச்சம் என்று அந்த நோயாளி சொல்லியிருந்தார். 1906-ல் மர்ரே இதை அரசுக் குழு முன் சாட்சியமாகச் சொன்னார். நஷ்டஈட்டுக்குரிய தொழில்நோய்ப் பட்டியலில் குழு அதைச் சேர்க்கவில்லை.

அதே 1906-ல் பிரான்சிலும் ஒருவர் எழுதினார். தெனி ஓரிபோல் என்ற தொழிலாளர் ஆய்வாளர். மருத்துவர் அல்லர், நம்மைப் போல அறிக்கை எழுதும் அரசு ஊழியர். நார்மண்டியில் கோந்தே-சூர்-நுவாரோ அருகே இருந்த கல்நார் நெசவாலையில், ஆரம்பித்த சில வருடங்களுக்குள் சுமார் 50 ஆண்களும் பெண்களும் இறந்ததைப் பதிவு செய்தார். தூசியை உறிஞ்சி வெளியேற்றும் வசதி வேண்டும் என்றும் எழுதினார். பிரான்ஸ் கல்நாரைத் தடை செய்தது 1997 ஜனவரி 1-ல். 91 வருடம்! கோப்பு நகரும் வேகத்தைப் பற்றி நம் அலுவலகங்களை மட்டும் குறை சொல்கிறோம்.

எண்ணிப் பார்க்கும் வேலை பிறகுதான் வந்தது. உள்ளே தங்கிய நாரை உடம்பு இரும்புச் சத்தால் பூசி மூடப் பார்க்கும். அது பாசிமணி கோத்த ஊசிபோல, பழுப்பு நிறத்தில், சாதாரண மைக்ராஸ்கோப்பிலேயே தெரியும். 1963-ல் கேப் டவுனில் வரிசையாக 500 பிரேதப் பரிசோதனைகளில் தேடியபோது நாலில் ஒருவருக்கு அது இருந்தது. கல்நார் ஆலைப் பக்கமே போகாத ஊர் ஜனங்களுக்கும்கூட.

பூச்சு ஏறாத மெல்லிய நார்கள் இன்னும் எத்தனையோ மடங்கு. அவற்றை எண்ணுவதற்கு, இறந்தவர் நுரையீரலிலோ அறுவை சிகிச்சையில் எடுத்ததிலோ ஒரு சிறு துண்டை பிளீச்சிங் திரவத்தில் கரைப்பார்கள், அல்லது எரித்துச் சாம்பலாக்குவார்கள். சதை போய்விடும், கல் நிற்கும். வடிகட்டி, எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் எண்ணி, ஒரு கிராம் உலர்ந்த நுரையீரலுக்கு இத்தனை நார் என்று கணக்குப் போடுவார்கள். 1997-ல் ஹெல்சிங்கியில் கூடிய நிபுணர்கள் ஒரு வரம்பு சொன்னார்கள்: ஒரு மைக்ரானுக்கு மேல் நீளமுள்ள ஆம்ஃபிபோல் வகை நார் கிராமுக்கு 10 லட்சத்தைத் தாண்டினால், அந்த ஆள் வேலையிடத்தில் கல்நாரை நிறையச் சுவாசித்தவர் என்று கொள்ளலாம்.

இங்கேதான் சிக்கல். ஆம்ஃபிபோல் என்பது நீலம், பழுப்பு வகைக் கல்நார். ஆயுசுக்கும் அப்படியே தங்கும். நம் நாட்டுக்கு இறக்குமதியாவதோ கிரைசோடைல் என்ற வெள்ளைக் கல்நார். அது துண்டு துண்டாக உடைந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போய்விடும். கியூபெக் சுரங்கத் தொழிலாளிகள் வாழ்நாளெல்லாம் வெட்டியது வெள்ளை. அவர்கள் நுரையீரலில் அதிகம் மிஞ்சியது, அந்தப் பாறையில் சிறிதளவே கலந்திருந்த டிரெமோலைட். (அங்கே 'அஸ்பெஸ்டோஸ்' என்றே ஒரு ஊர் இருந்தது. 2020-ல் வெட்கப்பட்டுப் பெயரை மாற்றிக்கொண்டார்கள்.) நோய் முற்றுவதற்கு 20, 30 வருடம், சில புற்றுநோய்க்கு 40 வருடமும் ஆகும். அதற்குள் சாட்சி கரைந்துவிடும்.

ஆகவே எண்ணிக்கை குறைவு என்பதால் நோய் தொழிலால் வரவில்லை என்று சொல்லிவிடக் கூடாது. எங்கே, எத்தனை காலம் வேலை செய்தார் என்ற விவரமும் முக்கியம் என்று அந்த நிபுணர்களே சொன்னார்கள். நம் உச்ச நீதிமன்றமும் 1995 ஜனவரி 27-ல் தந்த தீர்ப்பில் அதற்கு வழி செய்தது. கல்நார் ஆலைகள் ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டையும் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து 40 வருடம் அல்லது வேலையை விட்டதிலிருந்து 15 வருடம், எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும். நோய் உறுதியானவர்களுக்கு ஒரு லட்ச ரூபாய் இழப்பீடு. முப்பது சொச்சம் வருடம் பதிவேடு எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தத் தீர்ப்பில் எனக்கு மிகவும் பிடித்த வரி அந்த 40 வருடம்தான்.

ஆனால் பதிவேடு ஆலைக்குத்தான், பட்டறைக்கு ஏது? எங்கள் தெருவில் ஒரு பிரேக் மெக்கானிக் இருந்தார். சளியில் கிருமி தெரியாமலே இரண்டு தடவை காசநோய் மாத்திரை சாப்பிட்டார். பீடியும் உண்டு, மறைப்பதற்கில்லை. கடைசி இரண்டு வருடம் திண்ணையில் உட்கார்ந்தபடியே தூங்கினார். அவர் போன பிறகு அந்த அம்மா, "சார், ஒரு மனு எழுதிக் குடுங்க" என்று வந்தார். நுரையீரலை எண்ணிப் பார்க்கும் பேச்சுக்கே இடமில்லை, எரித்தாயிற்று. வேலை செய்த இடமும் காலமும் எழுத வேண்டிய இடத்தில் ஏழு பட்டறைகளைச் சொன்னார். அதில் மூன்று இப்போது இல்லை, ஒன்றிலும் ஒரு துண்டுச் சீட்டு கொடுத்ததில்லை. பெரியவன் பிறந்த வருடம், சின்னவளுக்குக் காது குத்திய வருடம் என்று கணக்கு வைத்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே உத்தேசமாக ஆண்டு போட்டோம்.