அறநிதியங்களின் ஆட்சிபீடத்திற் பெண்கள்: நியூயோர்க் நகரின் ஒரு நூற்றாண்டு அனுபவம்

அறச்செயல்களிற் பெண்கள் பங்குபற்றியமை எந்தச் சமுதாயத்திற்கும் புதியதன்று. கொடுப்போராகவும், கொடுத்தவற்றைக் கொண்டுசென்று சேர்ப்போராகவும், நோயாளர்க்கும் அநாதைகளுக்கும் பணிசெய்வோராகவும் அவர்கள் என்றும் இருந்துள்ளனர். ஆயின் கொடுக்கப்பட்ட பொருளை எவ்வழியிற் செலவிடுவது என்று தீர்மானிக்கும் சபையில் அவர்களுக்கு ஆசனம் கிடைத்ததா என்பது முற்றிலும் வேறான வினாவாகும். தருமகர்த்தா என்ற சொல்லைக் கேட்டதும் ஓர் ஆடவரின் உருவமே நம் மனக்கண்முன் தோன்றுவது தற்செயலானதன்று. இவ்வினாவை ஆராய்வதற்கு ஐக்கிய அமெரிக்காவின் நியூயோர்க் நகர் தக்கதொரு களமாக அமைகின்றது.

ஸ்கொட்லாந்திலிருந்து வந்து குடியேறிய இசபெல்லா கிரகாம் என்னும் விதவை 1797 இல் அந்நகரில் வறிய விதவைகளுக்கான சங்கமொன்றைத் தோற்றுவித்தார். அவரது வட்டத்தினரே 1806 இல் அநாதைகள் காப்பகச் சங்கத்தையும் அமைத்தனர். இரண்டாவதன் தோற்றத்தில் முன்னின்றவர்களுள் எலிசபெத் ஹமில்டன் ஒருவர். துவந்த யுத்தத்தில் 1804 இல் உயிரிழந்த அரசியலறிஞர் அலெக்சாண்டர் ஹமில்டனின் மனைவியாகிய இவர், 1821 முதல் 1848 வரை அச்சங்கத்தின் முதல் இயக்குநராகப் பணியாற்றினார்.

அக்காலச் சட்டநிலையை நோக்கும்போதே இதன் முக்கியத்துவம் விளங்கும். ஆங்கிலப் பொதுச் சட்டத்தின்படி, மணமான பெண்ணின் சட்ட ஆளுமை கணவனின் ஆளுமையுள் அடங்கிவிடும். அவள் தன் பெயரில் ஒப்பந்தம் செய்யவோ, வழக்காடவோ, அசையும் பொருளைத் தன்னுடையதென வைத்திருக்கவோ இயலாது. ஆனால் சட்டசபையின் சாசனத்தாற் கூட்டிணைக்கப்பட்ட சங்கமோ தானே ஒரு சட்ட ஆளாக நின்று நிலம் வாங்கலாம், முதலீடு செய்யலாம், வழக்கும் தொடுக்கலாம். தனித்தனியே தமக்கில்லாத உரிமைகளைப் பெண்கள் கூட்டாகச் சேர்ந்து பெற்றுக்கொண்டனர். எனினும் பழைய சட்டத்தின் நிழல் முற்றாக நீங்கிவிடவில்லை. சங்கப் பணம் கணவனின் கைக்குப் போய்விடலாம் என அஞ்சிச் சில சங்கங்கள் மணமாகாத பெண்ணையே பொருளாளராக வைத்திருந்தன.

1861 இல் மூண்ட உள்நாட்டுப் போர் மற்றொரு படிப்பினையைத் தந்தது. காயமுற்ற படையினருக்கான உடை, மருந்து, உணவு ஆகியவற்றை ஊர்தோறும் திரட்டியவர்கள் பெண்கள். அவற்றைப் பெற்றுப் பகிர்ந்த சுகாதார ஆணைக்குழுவின் உறுப்பினர்களோ ஆடவர்கள். நியூயோர்க்கிலிருந்து அத்திரட்டற் பணிக்கான கடிதத் தொடர்புகளை நடத்தியவர் லூயிசா லீ ஷைலர் என்னும் இளம் பெண். இவர் எலிசபெத் ஹமில்டனுடைய பேர்த்தியின் மகள் என்பது மனங்கொள்ளத்தக்கது. போர்க்காலத்திற் பெற்ற நிர்வாக அனுபவம் வீண்போகவில்லை. 1872 இல் அவர் மாநில அறநிலைய உதவிச் சங்கத்தை நிறுவினார். வறியோர் விடுதிகளையும் பொது மருத்துவமனைகளையும் பார்வையிட்டு, கண்ட குறைகளை வெளிப்படுத்துவது அதன் பணி. பெல்வியூ மருத்துவமனையில் 1873 இல் தாதியர் பயிற்சிப் பாடசாலை தோன்றியது இதன் உடனடிப் பயனாகும். 1876 இல் யோசபின் ஷோ லோவெல் மாநில அறநிலைய சபையின் முதற் பெண் ஆணையாளராக நியமனம் பெற்றார். போரில் கணவனை இழந்த இவர் 1889 வரை அப்பதவியிலிருந்தார்.

இப்பின்னணியிலேயே 1907 ஆம் ஆண்டின் நிகழ்ச்சியை நோக்க வேண்டும். வட்டித்தொழிலாலும் புகையிரதப் பங்குகளாலும் பெருஞ்செல்வம் ஈட்டியவரும், ஈகைக்குப் பெயர் பெறாதவருமான ரசல் சேஜ் 1906 இற் காலமானார். 6 கோடி டொலருக்கு மேற்பட்ட சொத்து, முன்னாள் ஆசிரியையும் அப்போது 77 வயதினருமான அவரது மனைவி மார்கரெட் ஒலிவியா சேஜிடம் வந்தது. அடுத்த ஆண்டிலேயே அவர் 1 கோடி டொலர் முதலுடன் ரசல் சேஜ் நிதியத்தை நிறுவினார். நாட்டின் சமூக, வாழ்க்கை நிலைமைகளை மேம்படுத்துவதே அதன் நோக்கம். முதற் பொறுப்பாளர் சபையின் எண்மரில் நால்வர் பெண்கள்: ஒலிவியா சேஜ், லூயிசா ஷைலர், கேர்ட்ரூட் ரைஸ், ஹெலன் கூல்ட். சபைத் தலைவியும் ஒலிவியாவே. இதற்குச் சாசனம் வழங்கிய நியூயோர்க் சட்டசபையில் ஒரு பெண்கூட இருக்கவில்லை. அந்நால்வரில் எவருக்கும் அச்சபைத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமையும் இல்லை. நியூயோர்க் மாநிலத்திற் பெண்கள் அவ்வுரிமையைப் பெற்றது 1917 இலேயே.

நிதியத்தை உண்மையில் நடத்தியவர் ஒலிவியாவின் சட்ட ஆலோசகர் ரொபேர்ட் டி ஃபொரெஸ்ற் தாம் எனவும், கையொப்பமிடுவதற்கு மேல் அவ்வம்மையார் எதுவும் செய்யவில்லை எனவும் கருதுவோர் உளர். அமைப்பின் வரைவு டி ஃபொரெஸ்றுடையது என்பதில் ஐயமில்லை. ஆயினும் 1905 இல், கணவர் உயிருடனிருந்த காலத்திலேயே, ஓய்வும் வசதியும் உடைய பெண்களின் கடமை குறித்து ஒலிவியா ஒரு சஞ்சிகையிற் கட்டுரை எழுதியிருந்தார். வாக்குரிமை இயக்கத்தையும் ஆதரித்தார். ரூத் குறொக்கர் 2006 இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாறு, அவரைச் சுயசிந்தனையுள்ள செயற்பாட்டாளராகவே காட்டுகின்றது. ஓர் ஆடவச் செல்வந்தர் வழக்கறிஞரின் ஆலோசனைப்படி நடந்தால் அதனை விவேகம் என்போர், பெண்ணொருத்தி அவ்வாறு செய்யும்போது இயலாமை என்பது ஏனோ? நிதியத்தின் ஊழியரிடையேயும் பெண்கள் முக்கிய இடம் வகித்தனர். சமூகப் பணியை ஒரு கல்வித்துறையாக வளர்த்த 'சமூக நிலையறிதல்' என்னும் நூலை 1917 இல் வெளியிட்ட மேரி ரிச்மண்ட் அங்கு பணியாற்றியவரே.

இம்முன்மாதிரியை அடுத்து வந்தோர் பின்பற்றவில்லை. 1911 இல் தோன்றிய கார்னெகி நிதியத்தின் முதற் சபையிலோ, 1913 இல் தோன்றிய றொக்ஃபெலர் நிதியத்தின் முதற் சபையிலோ பெண் ஒருவரேனும் இல்லை. நிறுவுநர்களின் தனிப்பட்ட மனப்பாங்கை மாத்திரம் இதற்குக் காரணமாக்குதல் போதாது. கார்னெகி, தாம் முன்னர் அமைத்த ஐந்து நிறுவனங்களின் தலைவர்களைப் பதவி வழியாகவே புதிய சபையின் உறுப்பினராக்கினார். அவ்வைந்துக்கும் ஆடவரே தலைவராயிருந்தமையால், பெண்கள் கூடாதென்று யாரும் எழுதிவைக்காமலே வாயில் அடைபட்டது. றொக்ஃபெலரின் சபையும் அவருடைய மகன், ஆலோசகர்கள், மருத்துவ, கல்வி நிறுவனங்களின் தலைவர்கள் என்ற வட்டத்தினின்றே அமைந்தது. சேஜ் நிதியமோ தன் பொறுப்பாளரை நகரின் அறப்பணி வட்டத்திலிருந்து தேர்ந்தெடுத்தது. அங்கு பெண்கள் மூன்று தலைமுறைகளாகப் பழகித் தேர்ந்திருந்தனர். ஆட்களை எங்கே தேடுகிறார்கள் என்பதே யார் கிடைப்பார்கள் என்பதையும் பெரும்பாலும் நிர்ணயித்துவிடுகின்றது.

ஒலிவியா சேஜ் 1918 இற் காலமானார். பெரிய நிதியங்களின் நிர்வாகத் தலைமை பெண்ணொருவரிடம் செல்வதற்கு அதன்பின் நெடுங்காலம் பிடித்தது. ஃபோர்ட் நிதியத்தில் 1996 இல் சூசன் பெரெஸ்ஃபோர்டும், றொக்ஃபெலர் நிதியத்தில் 2005 இல் யூடித் ரோடினும், கார்னெகி நிதியத்தில் 2023 இல் லூயிஸ் றிச்சட்சனும் அப்பதவியை ஏற்ற முதற் பெண்களாவர். ஒலிவியா தந்த நிதியம் இன்றும் அவருடைய கணவரின் பெயரையே தாங்கி நிற்கின்றது. அப்பெயரைச் சூட்டியவரும் அவரே.