கப்பல் பதிவேடு காட்டிய சொந்தங்கள்

தென்னாப்பிரிக்காவில் வாழும் தமிழ் வம்சாவளியினர் பலருக்குத் தங்கள் முன்னோரின் சொந்த ஊர் எது என்று தெரியாது. கடல் கடந்து வந்து நான்கைந்து தலைமுறை ஆகிவிட்டது. பல வீடுகளில் தமிழ் பேச்சும் நின்றுவிட்டது. ஆனாலும் சிலர் பூர்வீக ஊரைக் கண்டுபிடித்து, அதுவரை அறியாத பங்காளிகளைச் சந்தித்திருக்கிறார்கள். இது எப்படி முடிந்தது? கூலிகளைக் கணக்கு வைக்க ஆங்கிலேய அரசு எழுதிய கப்பல் பதிவேடுதான் இதற்கு உதவியது என்பது ஆச்சரியமான உண்மை.

நேட்டால் குடியேற்றத்தில் கரும்புத் தோட்டங்களுக்கு ஆட்கள் தேவைப்பட்டனர். 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல், 342 பேருடன் நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்தது. 1911 வரை இப்படிச் சென்றவர்கள் 1,52,184 பேர். இவர்களில் பெரும்பாலோர் சென்னை மாகாணத்திலிருந்து சென்றவர்கள். ஒப்பந்தம் ஐந்து ஆண்டுகளுக்குத்தான். ஆனால் மிகப் பலர் ஊர் திரும்பவேயில்லை.

கப்பலேறிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண் தரப்பட்டது. அதனுடன் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடலில் உள்ள தழும்பு ஆகியவை எழுதப்பட்டன. ஓடிப்போனால் பிடிப்பதற்கு உதவிய அதே அடையாளங்கள்தான் இன்று கொள்ளுப் பேரர்களுக்கு முகவரி ஆகியிருக்கின்றன. இந்தப் பட்டியல்கள் பின்னாளில் கணினியிலும் ஏற்றப்பட்டதால் தேடுவது எளிதாயிற்று. குடும்பத்தின் பழைய சான்றிதழ் ஒன்றில் அந்த எண் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது எனலாம்.

ஆனால் மீதிப் பாதி சுலபமல்ல. முதல் சிக்கல் பெயர். எழுத்தர் தன் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதினார். கவுண்டர் 'கவெண்டர்' ஆனார், முதலி 'மூட்லி' ஆனார். இவையே பின்னர் குடும்பப் பெயர்களாக நிலைத்தன. எனவே ஒரே குடும்பப் பெயர் இருப்பதால் மட்டும் இருவர் உறவினர் ஆகிவிட முடியாது. பெயரையோ சாதியையோ மாற்றிச் சொன்னவர்களும் உண்டு.

இரண்டாவது சிக்கல் ஊர். பதிவேட்டில் 'வட ஆற்காடு' என்று இருந்தால் இன்றைய வரைபடத்தில் அப்படி ஒரு மாவட்டம் இல்லை. 1911-ல் உருவான சித்தூர் மாவட்டத்துக்கு அதன் ஒரு பகுதி சென்றது. எஞ்சியது 1989-ல் இரண்டானது. அவற்றில் வேலூர் 2019-ல் மேலும் பிரிந்து ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்கள் தோன்றின. ஒரே பெயரில் பல கிராமங்கள் இருப்பதால் தாலுகாவின் பெயரையும் சேர்த்துப் பார்ப்பது அவசியம்.

சரி, ஊர் கிடைத்துவிட்டால் சொந்தம் கிடைத்துவிடுமா? அதுதான் இல்லை. கப்பலேறிப் போனவருக்குப் பதிவேடு உண்டு. ஊரில் தங்கிவிட்ட அவருடைய அண்ணனுக்கும் தங்கைக்கும் அப்படி எந்தப் பதிவேடும் கிடையாது. டி.என்.ஏ. பரிசோதனை செய்தாலும், கிராமத்தில் உள்ளவர்களும் அதைச் செய்திருந்தால்தான் பொருத்திப் பார்க்க முடியும். கடைசியில் துணைக்கு வருவது ஊர்ப் பெரியவர்களின் ஞாபகமும் குலதெய்வக் கோவிலும்தான். "எங்க தாத்தாவோட தம்பி ஒருத்தர் கப்பலேறிப் போனார், திரும்பி வரலை" என்று ஒரு பாட்டி சொன்னால், நூறு வருடமாக அறுந்து கிடந்த நூல் அங்கே மீண்டும் முடிச்சுப் போடப்படுகிறது. வந்தவர் நிலத்தில் பங்கு கேட்பாரோ என்ற சந்தேகம் எழுவதும் இயற்கையே. குலதெய்வத்தின் பெயரும் முன்னோர் பெயர்களும் ஒத்துப்போகும்போது அது மெல்ல விலகும்.

ஆக, காகிதம் ஊர் வரை மட்டுமே வழிகாட்டும். வீட்டு வாசலுக்குக் கூட்டிப் போவது நினைவுதான். அந்த நினைவைச் சுமப்பவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. வீட்டில் தாத்தா, பாட்டி இருப்பவர்கள் அவர்களுடைய தாத்தா, பாட்டி பெயர்களையும், ஊரைவிட்டுப் போனவர்களின் கதைகளையும் இன்றே கேட்டு ஒரு நோட்டில் எழுதி வைப்பது நல்லது. கடலுக்கு அந்தப் பக்கம் யாரோ ஒருவர் அதே பெயரைத் தேடிக்கொண்டிருக்கலாம்.