கேஷ் என்பது காசுதானா? ஒரு பழைய கணக்கின் திருத்தம்

சில ஆண்டுகளுக்கு முன் இதே மலரில், ஆங்கிலத்துக்குத் தமிழ் கொடுத்த சொற்களைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினேன். கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்து, முத்தாய்ப்பாக, "உலகமெல்லாம் புழங்கும் கேஷ் என்னும் சொல்லே நம்முடைய காசுதான்" என்று முடித்திருந்தேன். படித்தவர்கள் மெச்சிக்கொண்டார்கள். பொங்கல் விழா மேடையில் ஒரு நண்பர் அதைச் சொல்லிக் கைத்தட்டலும் வாங்கினார். தப்பு என்று யாரும் சொல்லவில்லை, எனக்கும் தெரியவில்லை.

போன வருஷம் நம் சங்கக் குடும்பத்துப் பெண் ஒருத்தி, ஒன்பதாம் வகுப்பு, பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியில் அதை அப்படியே பேசியிருக்கிறாள். நடுவராக இருந்த ஆசிரியை, "அகராதியைப் பார்த்துவிட்டுப் பேசக் கூடாதா?" என்று கேட்டு மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டாராம். பெண் நேராக என் கடைக்கு வந்தாள். "தாத்தா, நீங்க எழுதினது தப்பா?" என்றாள். வாடிக்கையாளர் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். என்ன பதில் சொல்வது? "பார்த்துச் சொல்றேன் கண்ணு" என்று அனுப்பி வைத்தேன். இந்தக் கட்டுரை அந்தப் பதில்தான்.

நான் எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவன். வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பம். துணி வியாபாரத்துக்காக அகமதாபாத் வந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. படிப்பெல்லாம் கடை சாத்தின பிறகு படித்ததுதான். நான் தவறிய இடம் எது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இங்கே ஒரு பழைய நாணய வியாபாரியிடம் ஒரு செப்புக்காசு வாங்கினேன். ஒரு பக்கம் கிழக்கிந்தியக் கம்பெனியின் சின்னமும் 1808 என்ற ஆண்டும். மறுபக்கம் பாரசீக எழுத்து, அதன் கீழே ரோமன் எண்ணில் இருபது போட்டு, பக்கத்தில் ஆங்கிலத்தில் 'கேஷ்'. இருபது காசு! சென்னை ராஜதானிக்காக இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்துச் சோஹோ அச்சகத்தில் மாத்யூ போல்டன் அடித்துக் கொடுத்தது. அந்தப் பாரசீக எழுத்திலும் 'காஸ்' என்றே இருக்கிறது. இதைக் கையில் வைத்துக்கொண்டவன் வேறு என்ன நினைப்பான்? கண்ணால் கண்டதே சாட்சி என்று எழுதிவிட்டேன்.

அகராதியைத் திறந்தபோதுதான் விஷயம் புரிந்தது. பெரிய ஆங்கில அகராதிகளில் கேஷ் என்ற தலைப்பு ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை வருகிறது. ஒன்று, கையில் இருக்கும் ரொக்கம். இன்னொன்று, இந்தியாவிலும் கீழ்த்திசை நாடுகளிலும் வழங்கிய சிறு நாணயம். எழுத்து ஒன்று, உச்சரிப்பு ஒன்று, பிறப்பு வேறு. நம் ஊரில் ஆறு என்றால் நதியும் உண்டு, எண்ணும் உண்டு, அது மாதிரி.

முதல் கேஷுக்கு மூலம் பெட்டி. லத்தீனில் 'காப்ஸா' என்றால் பேழை. அது இத்தாலியில் 'காஸ்ஸா', பிரெஞ்சில் 'காஸ்', 'கேஸ்' என்றெல்லாம் ஆகிப் பணப்பெட்டியைக் குறித்தது. ஆங்கிலத்துக்கு வந்தபோதும் பணப்பெட்டி என்ற பொருள் கூடவே வந்தது. பிறகு பெட்டி என்ற பொருள் உதிர்ந்து, பெட்டிக்குள் இருக்கும் பணம் என்ற பொருள் மட்டும் நின்றுவிட்டது. ஆங்கிலேயர் 16ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே இதை எழுதுகிறார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சாசனம் கிடைத்தது 1600 டிசம்பர் 31; சென்னையில் அவர்கள் இடம் வாங்கியது 1639. நம் கடைத்தெருவில் காசு என்று காதால் கேட்பதற்கு முன்பே அந்தச் சொல் அவர்கள் ஊரில் புழக்கத்தில் இருந்தது. சாமான் வைக்கும் 'கேஸ்' இருக்கிறதே, அதுவும் இதே லத்தீன் பேழையின் பிள்ளைதான்.

வியாபாரிக்கு இது ஆச்சரியமில்லை. நாம் 'கல்லா' என்று சொல்கிறோம். இங்கே குஜராத்தியில் 'கல்லோ'. பணம் போடும் பெட்டிதான். ஆனால் "இன்னிக்குக் கல்லா எவ்வளவு?" என்று கேட்டால் பெட்டியின் நீள அகலத்தையா கேட்கிறோம்? உள்ளே விழுந்த பணத்தைத்தான். ஐரோப்பாவில் நடந்ததும் அதேதான்.

இரண்டாவது கேஷ் நம்முடையது. அதில் சந்தேகம் வேண்டாம். 1886இல் யூல், பர்னல் என்ற இருவர் தொகுத்த 'ஹாப்சன் ஜாப்சன்' என்ற ஆங்கிலோ இந்தியச் சொல்லகராதி உண்டு. இவர்களில் பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், அரண்மனைச் சுவடிகளுக்குப் பட்டியல் போட்டவர். அந்த அகராதி தமிழ்க் காசு, இல்லையென்றால் கொங்கணிக் கரை வடிவம் ஒன்று, போர்த்துக்கீசியர் வாயில் 'காய்ஷா' ஆகி, அதிலிருந்து ஆங்கிலக் கேஷ் ஆயிற்று என்று வழி காட்டுகிறது. வேடிக்கை இங்கேதான். போர்த்துக்கீசிய மொழியில் 'காய்ஷா' என்றாலும் பெட்டி! அதே லத்தீன் பேழையின் இன்னொரு பிள்ளை. 1498க்குப் பிறகு வந்தவர்கள் நம் சில்லறையின் பெயரைக் கேட்டு, தங்களுக்குப் பழக்கமான சொல்லின் சாயலில் அதை அமைத்துக்கொண்டார்கள். ஆங்கிலேயரும் தங்கள் ரொக்கக் கேஷின் எழுத்திலேயே அதை எழுதினார்கள். ஆக, பெட்டி காசுக்குத் தன் சட்டையைக் கொடுத்தது. காசு பெட்டியைப் பெறவில்லை. நான் எழுதியது தலைகீழ்.

இந்தச் சட்டை போட்ட காசு போன தூரம் கொஞ்சமில்லை. சென்னை வழக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். அதாவது ஒரு வராகனுக்கு 3,360 காசு. 1818இல் ரூபாயைக் கொண்டுவந்து, ஒரு வராகனுக்கு மூன்றரை ரூபாய் என்று கட்டினார்கள். ரூபாய்க்கு 960 காசு. தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 'காஸ்' என்று பொறித்தே நாணயம் அடித்தார்கள். புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரர்களுக்கு அது 'காஷ்'. திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய். நாடு விடுதலை அடைந்த காலம் வரைக்கும் அங்கே காசு செல்லுபடியானது. எல்லாவற்றுக்கும் மேலாக, நடுவில் சதுர ஓட்டை போட்ட சீனச் செப்பு நாணயத்தை ஆங்கிலேயர் கேஷ் என்றே அழைத்தார்கள். சீனர்கள் அதை அப்படிச் சொன்னதில்லை. நம் கரைச் சில்லறையின் பெயர் கப்பலேறிச் சீனா வரை போயிருக்கிறது. மேடையில் சொல்வதற்கு இதுவே போதுமே!

கப்பல் என்றதும் ஒன்று. 1808ஆம் ஆண்டின் பத்துக் காசு, இருபது காசு நாணயங்களை ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் புறப்பட்ட 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கென்ட் கரைக்கு எதிரே குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது. 1980களில் முக்குளிப்போர் அந்தக் காசுகளைக் குவியல் குவியலாக எடுத்தார்கள். என் காசு அந்தக் கப்பலில் கிடந்ததா, சென்னைக்கு வந்து யார் மடியிலோ புழங்கியதா என்று அடிக்கடி யோசிப்பேன்.

காசுக்கும் பூர்வீகம் உண்டல்லவா? யூலும் பர்னலும் வடமொழிக் 'கர்ஷ' என்ற எடைப் பெயரைக் காட்டுகிறார்கள். பிராகிருத நூல்களில் அதையொட்டிய நாணயப் பெயர் வருகிறது. சமணனான எனக்கு உடனே ஒரு சபலம்: சரி, தமிழ்ப் பெருமை போனாலும் பிராகிருதப் பெருமை மிஞ்சுமே! ஆனால் பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பகராதியில் காசு திராவிடச் சொல்லாகவே இருக்கிறது. குறுந்தொகையில், கிளியின் அலகில் இருக்கும் வேப்பம்பழத்துக்கு, பொற்கொல்லன் புது நூலில் கோக்கப் பிடித்திருக்கும் பொற்காசு உவமை. அங்கே அது நகையில் கோக்கும் காசு. கடையில் நீட்டும் சில்லறை இல்லை. சிலப்பதிகாரத்தில் கோவலன் கண்ணகியைப் பாராட்டும் இடத்தில் காசு என்றால் குற்றம். ராஜராஜன் காலத் தஞ்சைக் கல்வெட்டுகளில் அது கடன் கொடுக்கும் பணம். காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. எங்கள் அமிதசாகரர் யாப்பருங்கலக்காரிகையில் வெண்பா முடிவதற்குச் சொன்ன நாலு வாய்பாடுகளில் ஒன்று காசு. ஒரு முறை பட்டது போதும். இரண்டு பெருமைகளில் எதையும் நான் கல்லாவில் போட்டுக்கொள்ளவில்லை.

இன்றைய வழக்கைப் பற்றியும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. பணம் எல்லாம் கேஷ் ஆகாது. வீடும் சொத்தும் உள்ளவனிடமும் கேஷ் இல்லாமல் போகலாம். 2016 நவம்பரில் 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றானபோது, வங்கியில் பணம் இருந்தும் நம் கையில் கேஷ் இல்லை. செக்கை கேஷ் பண்ணுவது என்றால் காகிதத்தைக் கைப்பணமாக்குவது. கடனுக்கு எதிர்ச்சொல்லாகவும் அதுதான் வரும். நம் ரொக்கம், குஜராத்தியின் 'ரோக்கட்' இரண்டும் சரியான ஈடு.

இதையெல்லாம் எழுதி முடித்து, அச்சுக்குக் கொடுக்கும் முன் அந்தப் பெண்ணை வரச் சொல்லிப் படித்துக் காட்டினேன். இழந்த மதிப்பெண்ணை நான் திருப்பித் தர முடியாது. 1808ஆம் வருஷத்து இருபது காசை அவள் கையில் வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தவள், "அப்போ கேஷியர்னா காசுக்காரர் இல்லையா தாத்தா?" என்றாள்.

"இல்லம்மா, பெட்டிக்காரர்" என்றேன்.