கிள்ளான் சைக்கிளும் ஜெனீவா மன்றமும்

சமாதானம் என்பது யாது? பீரங்கி முழங்காதிருத்தல் ஒன்றே சமாதானமாகிவிடுமா? முதல் உலக யுத்தம் ஓய்ந்து, 1919ஆம் ஆண்டில் வெர்சேல்ஸ் உடன்படிக்கையின் ஒரு பகுதியாகச் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் தோன்றியபொழுது, அதன் அமைப்பு விதியே இவ்வினாவிற்கு விடை கூறிற்று. சமூக நீதியின்மீது நாட்டப்பட்டாலன்றிச் சமாதானம் நிலைபெறாது என்பதே அவ்விடை. இதன் உண்மையை அறிய ஜெனீவாவுக்குப் பயணப்பட வேண்டுவதில்லை. கிள்ளான் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களின் சரித்திரமே போதும்.

அந்த ஸ்தாபனத்தில் இந்தியா ஆரம்பமுதல் அங்கம் வகித்தது. 1922இல் அதன் நிர்வாக சபையிலும் இடம்பெற்றது. மலாயாவுக்கோ தனிக்குரல் இல்லை. பிரிட்டனே அதன் பொருட்டுப் பேசிற்று. எனவே, பால்மரம் வெட்டிய தமிழனுக்கு அவன் பிறந்த நாட்டின் பேரால் ஓர் ஆசனம் இருந்தது. வியர்வை சிந்திய நாட்டின் பேரால் இல்லை. கோலாலம்பூரில் இந்திய சர்க்காரின் ஏஜெண்டு ஒருவர் இருந்தார். 1938இல் உதவி பெற்றுக் கூலியாட்கள் மலாயாவுக்கு வருவதை இந்திய சர்க்கார் தடுத்துவிட்டது. ஆயினும், ஏற்கெனவே வந்துவிட்டவர்களின் நிலை என்ன?

அதற்கு விடை 1941இல் கிடைத்தது. ‘தமிழ் நேசன்’ பத்திரிகையில் உதவி ஆசிரியராயிருந்த ஆர். எச். நாதன் முதலியோர், கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் வாயிலாகத் தொழிலாளரை ஒன்றுதிரட்டினர். அவர்கள் கேட்டவை யாவை? சீனத் தொழிலாளிக்கு உள்ள கூலி தமிழனுக்கும் வேண்டும்; கொடுமை செய்யும் கிராணிகளை நீக்க வேண்டும்; தோட்டத்துப் பெண்களின் மானத்திற்குப் பாதுகாப்பு வேண்டும்; பிள்ளைகளுக்குக் கல்வி வேண்டும்; கள்ளுக்கடையை மூட வேண்டும்; துரையின் எதிரில் சைக்கிளைவிட்டு இறங்காமல் செல்ல உரிமை வேண்டும்.

இறுதிக் கோரிக்கையைக் கண்டு சிரிப்பாருமுண்டு. ஆனால் சிந்தித்துப் பாருங்கள்! கூலி வயிற்றைப் பற்றியது. சைக்கிளோ மனிதனைப் பற்றியது. தன்னைப்போன்ற ஒரு மனிதனைக் கண்டதும் வண்டியைவிட்டு இறங்கியே தீரவேண்டும் என்ற வழக்கம் இருக்குமிடத்தில், எத்தனை காசு கூடினால்தான் என்ன?

மே மாதத்தில் நாதன் கைதானார். அவரை விடுவிக்கும்படி தொழிலாளர் திரண்டனர். சிலாங்கூரில் நெருக்கடி நிலை பிரகடனமாயிற்று, துருப்புகள் வந்தன, துப்பாக்கி பேசிற்று. குறைந்தது ஐவர் மாண்டனர். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். அதிகாரிகள் இதை அமைதி என்றனர். அந்த அமைதியின் வயது ஏழு மாதம். டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவில் வந்து இறங்கினர். பின்னர் சயாம் மரண ரயில் பாதைக்கு இத்தோட்டங்களின் மக்களும் வாரிச் செல்லப்பட்டு, ஆயிரக்கணக்கில் மடிந்தனர்.

உலகம் இவற்றிலிருந்து ஒன்றும் கற்கவில்லை என்று சொல்லமுடியாது. 1944 மே 10இல் பிலடெல்பியாவில் கூடிய அதே ஸ்தாபனம், உழைப்பு விலைச்சரக்கன்று என்று பிரகடனம் செய்தது. 1948 ஜூலையில் சங்கம் சேரும் சுதந்திரத்திற்கென 87ஆம் ஒப்பந்தத்தை நிறைவேற்றியது. டிசம்பரில் ஐக்கிய நாடுகள் சபை மனித உரிமைப் பிரகடனத்தை வெளியிட்டது.

மலாயாவிலோ, அந்த ஒப்பந்தத்திற்குச் சில வாரங்கள் முன்னரே அவசரகாலச் சட்டமும் வந்தது, அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனமும் ஒழிக்கப்பட்டது. அதன் தலைவராயிருந்த எஸ். ஏ. கணபதி, ஆயுதம் வைத்திருந்தார் என்ற குற்றச்சாட்டின்பேரில் 1949 மே 4இல் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். சுதந்திர இந்தியாவின் சர்க்கார் பரிந்து பேசியும் பயனில்லை. அடுத்த ஜூனில் பிரிட்டன் 87ஆம் ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டது! கயிறு ஒரு கையில், காகிதம் மறு கையில்!

அப்படியாயின் சர்வதேச மன்றங்கள் வீண் என்பதா? அன்று. அவை அளவுகோல்கள், அளவுகோல் தானே எழுந்து அடிக்காது, ஆனால் ஆள்வோரின் குறையைக் காட்டாமலும் விடாது. 1957இல் சுதந்திர மலாயா இரு மன்றங்களிலும் சேர்ந்தது. கூட்டாகப் பேரம் பேசும் உரிமைக்கான 98ஆம் ஒப்பந்தத்தை 1961இல் ஏற்றது. 87ஆம் ஒப்பந்தத்தையோ, அதன்பின் அறுபது ஆண்டுகள் சென்றும் ஏற்கவில்லை.

ஜெனீவாவில் எழுதப்படுவது உரிமையின் பெயர் மட்டுமே. அதன் உயிர் தோட்டத்துச் சங்கத்தில் இருக்கிறது. 1941இல் கிள்ளான் தொழிலாளி எந்தப் பிரகடனத்தையும் படித்துவிட்டுத் தலைநிமிரவில்லை. அவன் தலைநிமிர்ந்த பின்னரே பிரகடனங்கள் வந்தன. அதை நாம் மறவாதிருப்போமாக!