அன்னூர் வரலாற்று முதன்மைச் சான்றுகள்

கோயம்புத்தூர் மாவட்டத்திலுள்ள அன்னூரின் வரலாற்றை ஆராய உதவும் கல்வெட்டுகள், வருவாய்ப் பதிவேடுகள், பயணக் குறிப்புகள், சுவடிகள் ஆகியவற்றைத் தேடுவதற்கான வழிகாட்டி.

கல்வெட்டு: அன்னூர் மன்னீஸ்வரர் கோயில் போன்ற தலங்களை ஆராய்வோர், 1887 முதல் வெளிவரும் இந்தியக் கல்வெட்டு ஆண்டறிக்கைகளை ஊர்ப்பெயர் வழியே தேடலாம். அறிக்கையில் இருப்பது சுருக்கமே. முழு வாசகத்துக்கு மைப்படியையோ பதிப்பித்த தொகுதியையோ பார்க்க வேண்டும்.

ஆவணம்: எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் வருவாய் வாரிய நடவடிக்கைகளும் இனாம் பதிவேடுகளும் உள்ளன. காகிதங்கள் துறை, ஆண்டு, எண் என்ற வரிசையில் அடுக்கப்பட்டிருப்பதால், ஆண்டுச் சுட்டியைப் பார்த்த பிறகே கோப்பைக் கேட்க முடியும். நில அளவையாளர் மெக்கன்சி திரட்டிய தமிழ்ச் சுவடிகளுக்குச் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தின் விளக்க அட்டவணைகள் வழிகாட்டும்.

அச்சு நூல்: 1800–01இல் கோயம்புத்தூர்ப் பகுதியில் பயணித்த பிரான்சிஸ் புக்கானனின் குறிப்புகள் 1807இல் அச்சாயின. நிக்கல்சனின் கோயம்புத்தூர் மாவட்டக் கையேடு 1887இல் வெளிவந்தது. இத்தகைய பழைய நூல்கள் இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் கிடைக்கின்றன. தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும், 1994இல் நிறுவப்பட்ட ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் பட்டியலும் பயன்படும்.

தேடும் முறை: அன்னூர் முன்பு அவிநாசி வட்டத்தில் இருந்தது. ஆகவே ஊர்ப்பெயரோடு அவிநாசி என்ற தலைப்பிலும், கோயமுத்தூர் என்ற பழைய எழுத்து வடிவிலும் தேடுவது நன்று. வருடப்பட்ட படிகளில் எழுத்துணரி பழைய அச்சைப் பிழையாகப் படிப்பதுண்டு. எனவே தேடலில் சிக்காத பெயரைப் பொருளடக்கத்திலும் பக்கப் படத்திலும் சரிபார்க்க வேண்டும்.