காட்டுக்குள் எதற்கு வேலி?

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர், மாசசூசெட்ஸ், கனெக்டிகட் முதலான மாநிலங்களைச் சேர்த்து நியூ இங்கிலாந்து என்பார்கள். அங்கே அடர்ந்த காட்டுக்குள் நடந்து போனால் திடீரென்று இடுப்பளவு உயரத்தில் ஒரு கற்சுவர் குறுக்கே வரும். சாந்து கிடையாது, சுண்ணாம்பு கிடையாது. கல்மேல் கல்லாக அடுக்கியது, அவ்வளவுதான். அது மேடு ஏறி, ஓடை தாண்டி, மரங்களுக்கு நடுவே போய்க்கொண்டே இருக்கும். சற்றுத் தள்ளி ஒரு வீட்டின் நிலவறைக் குழி மட்டும் மிச்சமிருக்கும். ஆள் நடமாட்டமே இல்லாத காட்டுக்கு யாராவது வேலி போடுவார்களா?

போடவில்லை. சுவர் கட்டியபோது அங்கே காடு இல்லை! ஆங்கிலேயக் குடியேறிகள் வெட்டித் தள்ளிய வயல்கள்தான் இருந்தன.

இந்தச் சுவர்களின் மொத்த நீளம் சுமார் 2,40,000 மைல் (3,86,000 கி.மீ.) இருக்கும் என்று ஒரு பழைய மதிப்பீடு சொல்கிறது. பூமியிலிருந்து நிலாவுக்கு இருக்கும் தூரம்! இதில் பெரும்பகுதியை அடுக்கியவர்கள் சாதாரண விவசாயிகள். உதவிக்கு எருதுகளும், சக்கரமில்லாத மரச் சறுக்கு வண்டியும்.

இத்தனை கல் எங்கிருந்து வந்தது? பனி யுகத்தில் அந்த நிலத்தை மூடியிருந்த பனிப்படலம் உருகிப் பின்வாங்கியபோது மண்ணோடு கலந்து விட்டுப்போனது. மரங்கள் இருந்தவரை கற்கள் மண்ணுக்குள் அடங்கிக் கிடந்தன. மரத்தை வெட்டியதும் குளிர்காலத்தில் மண் இன்னும் ஆழமாக உறைய ஆரம்பித்தது. ஈர மண் உறையும்போது உப்பி, கல்லைத் தூக்கும். உருகும்போது கல்லுக்கு அடியில் மண் சரிந்து நிரம்பிக்கொள்ளும். கல் திரும்ப இறங்காது. போன வருஷம் சுத்தம் செய்த வயலில் இந்த வருஷமும் புதுக் கற்கள். விதைக்காமலே விளைந்த ஒரே பயிர் அதுதான்.

ஆக, சுவர் என்பது முதலில் குப்பை மேடு, அப்புறம்தான் வேலி. ஆனால் வேலிக்கு அரசியலும் உண்டு. அந்த மண்ணில் அபனாக்கி, நிப்மக், நாரகான்செட் போன்ற பூர்வகுடிகள் ஏற்கெனவே சோளமும் பூசணியும் பயிரிட்டு வந்தார்கள். பிற்பாடு மாசசூசெட்ஸ் ஆளுநரான ஜான் வின்த்ராப், 1629 வாக்கில், நிலத்தை வேலியிட்டு வளைக்காதவர்களுக்கு அதன்மேல் முழு உரிமை இல்லை என்று வாதிட்டார். கொடுமை என்னவென்றால், நிலத்தை இழந்த நாரகான்செட் மக்களே பின்னாளில் கற்சுவர் கட்டுவதில் பேர்போன கொத்தர்களானார்கள்.

சுவரைப் பார்த்தே நிலத்தின் கதையைச் சொல்லலாம். இரண்டு வரிசைப் பெரிய கற்களுக்கு நடுவே முஷ்டியளவு பொடிக்கற்கள் கொட்டியிருந்தால் பக்கத்து நிலம் உழவு நிலம்; கலப்பையில் மாட்டும் சிறு கல்லைக்கூடப் பொறுக்க வேண்டியிருந்தது. பெரிய கற்கள் மட்டும் ஒற்றை வரிசையாக இருந்தால் அது மேய்ச்சல் நிலம். ஆட்டுக்குப் பொடிக்கல் ஒரு பொருட்டில்லையே!

ஆடு என்றதும் வெர்மான்டைச் சொல்லியாக வேண்டும். லிஸ்பனில் அமெரிக்கத் தூதரக அதிகாரியாக இருந்த வில்லியம் ஜார்விஸ், 1811 வாக்கில் மெரினோ ஆடுகளை அங்கே கொண்டுவந்தார். கம்பளி விலை ஏறியது, மலைச்சரிவெல்லாம் மேய்ச்சல் நிலமானது. 1840-ல் வெர்மான்டில் ஆடுகள் 16 லட்சத்துக்கும் மேல், மனிதர்கள் 3 லட்சத்துக்கும் கீழ். ஆளுக்கு ஐந்தாறு ஆடு!

அதற்குள்ளாகவே சரிவும் தொடங்கிவிட்டது. 1825-ல் திறந்த ஈரி கால்வாயும், பிறகு வந்த ரயிலும் மேற்கே இருந்த கல்லில்லாத கருப்பு மண்ணைச் சந்தையோடு இணைத்தன. 1846-ல் இறக்குமதி வரி குறைந்து கம்பளி விலை விழுந்தது. இளைஞர்கள் ஒஹையோவுக்கோ நூற்பாலை நகரங்களுக்கோ கிளம்பினார்கள். வணிகவியலில் 'சங்க் காஸ்ட்' என்று ஒன்று உண்டு: போட்ட செலவு திரும்பாது, அதற்காக நஷ்டத்தைத் தொடரக் கூடாது. ஏட்டில் படிக்கச் சுலபம்தான். தாத்தா அடுக்கிய சுவரை அப்படியே விட்டுவிட்டு மேற்கே வண்டி கட்டியவர்களுக்கு அது அவ்வளவு சுலபமாக இருந்திருக்காது.

கைவிட்ட வயல்களில் முதலில் பைன் மரங்கள் முளைத்தன. இன்று வெர்மான்டில் முக்கால் பங்கு காடு. மேலிருந்து பார்த்தால் இலைதான் தெரியும். ஆனால் விமானத்திலிருந்து லேசர் கதிர் பாய்ச்சி அளக்கும் லைடார் தொழில்நுட்பத்தில் மரங்களை நீக்கிவிட்டுத் தரையை மட்டும் பார்க்கலாம். 2014-ல் கனெக்டிகட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை வைத்துச் சுவர்களையும் பழைய பாதைகளையும் வீட்டு அடித்தளங்களையும் கண்டறிந்து காட்டினார்கள்.

இப்போது அந்தக் கற்களுக்கு விலை வந்திருக்கிறது என்பதுதான் வேடிக்கை. பாசி படிந்த பழைய கல் தோட்ட அலங்காரத்துக்கு நல்ல விலை போவதால் திருட்டும் நடக்கிறது. நியூ ஹாம்ப்ஷயரில் அடுத்தவர் சுவரிலிருந்து கல்லெடுத்தால், திரும்பக் கட்டும் செலவைப்போல் மூன்று மடங்கு கட்ட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது.