மதுரை வட்டாரத்தில் புழங்குபொருள் புகைப்படப் பதிவு: ஒரு வரலாறு

புழங்குபொருள் என்பது மக்கள் நாள்தோறும் கையாளும் பொருட்களைக் குறிக்கும் சொல். உரல், திருகை, தறி, தக்களி, கலப்பை, மண்பானை, குழந்தைகளின் சொப்புச் சாமான், வீட்டில் செய்யும் கைவினைப் பொருள் ஆகிய எல்லாம் இதில் அடங்கும். மதுரை நகரமும் வைகைச் சமவெளியும் புகைப்படக் கருவியின் முன் வந்து 165 ஆண்டுகளுக்கு மேலாகின்றன. அந்தக் காலத்தின் பெரும்பகுதியில் கோபுரங்களும் மண்டபங்களும் அரண்மனைகளுமே படமாக்கப்பட்டன. கருவிகளும் வீட்டுப் பொருட்களும் தாமதமாகத்தான் இடம்பெற்றன. அப்படி இடம்பெற்றபோதும் பெரும்பாலும் பெயரும் பயனும் குறிக்கப்படாமல் போயின. இந்த இடைவெளியின் விளைவு கீழடி போன்ற அகழாய்வுகளில் கிடைக்கும் பொருட்களை அடையாளம் காணும்போது தெளிவாகத் தெரிகிறது.

தொடக்கம்: படம் என்னும் சாட்சி

பொருட்களைப் படம்பிடிக்கும் வழக்கம் ஏறத்தாழப் புகைப்படக் கலை அளவுக்கே பழையது. தாள் நெகட்டிவ் முறையைக் கண்டறிந்த இங்கிலாந்தின் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட், 'இயற்கையின் எழுதுகோல்' என்று பொருள்படும் தலைப்பில் 1844 முதல் 1846 வரை பகுதி பகுதியாக ஒரு நூலை வெளியிட்டார். அதிலுள்ள 24 படங்களில் ஒன்று அலமாரித் தட்டுகளில் அடுக்கிய பீங்கான் பாத்திரங்களைக் காட்டுகிறது. மற்றொன்று கண்ணாடிப் பாத்திரங்களைக் காட்டுகிறது. பீங்கான் பொருட்களை ஒவ்வொன்றாக எழுத்தில் பட்டியலிடுவதைவிட ஒரே படத்தில் பதிவது எளிது என்று டால்பட் விளக்கினார். அவை களவுபோனால் அந்தப் படம் நீதிமன்றத்தில் வாய் பேசாத சாட்சியாக நிற்கக்கூடும் என்றும் குறிப்பிட்டார். பொருளின் படம் அழகுக்கு மட்டும் உரியதன்று, சான்றும் ஆகும் என்ற கருத்து இவ்வாறு தொடக்கத்திலேயே உருவாகிவிட்டது.

டிரைப்பின் மதுரை, 1858

மதுரையின் மிகப் பழைய புகைப்படத் தொகுப்புகளில் முதன்மையானது லின்னேயஸ் டிரைப் (1822–1902) எடுத்ததாகும். இவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் அதிகாரியாக இருந்தவர். 1855இல் பர்மாவுக்குச் சென்ற தூதுக்குழுவுடன் போய்ப் படங்கள் எடுத்தார். பின்னர் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார். 1858இன் தொடக்கத்தில் மதுரையில் பணியாற்றினார். மீனாட்சி அம்மன் கோயில், புது மண்டபம், திருமலை நாயக்கர் அரண்மனை, வண்டியூர்த் தெப்பக்குளம், விளக்குத்தூண் முதலியவை அவருடைய படங்களில் உள்ளன. பின்னாளில் நேப்பியர் பிரபு ஆளுநராக இருந்தபோது (1866–1872) நாயக்கர் அரண்மனை பழுதுபார்க்கப்பட்டது. அதற்கு முந்தைய நிலையை அறிய டிரைப்பின் படங்கள் இன்றும் உதவுகின்றன.

இத்தொகுப்பில் கோயில் நகைகளைக் காட்டும் படம் ஒன்றும் உண்டு. மதுரையில் பொருட்களை மட்டுமே கருவாகக் கொண்ட தொடக்ககாலப் படங்களுள் அது ஒன்று. ஆனால் நகைகளைச் செய்த பொற்கொல்லரின் உலையும் சுத்தியலும் தொகுப்பில் இடம்பெறவில்லை.

இதற்குத் தொழில்நுட்பம் ஓரளவே காரணம். டிரைப் மெழுகூட்டிய தாள் நெகட்டிவைப் பயன்படுத்தினார். வெப்பம் மிகுந்த நாட்டில் பயணம் செய்பவருக்கு அது ஏற்ற முறை. ஆனால் ஒளி பதிய நீண்ட நேரம் பிடித்ததால் அசையும் கைகளும் ஓடும் நாடாவும் அதில் தெளிவாகப் பதியாது. எனினும் தரையில் வைத்த கலப்பையும் சுவரில் சாய்த்த ஏணியும் அசைவதில்லை. நகைகளைப் பரப்பிப் படம்பிடிக்க முடிந்தபோது உளிகளையும் பரப்பிப் படம்பிடித்திருக்க முடியும். அரசு கேட்டது பழம்பெரும் கட்டடங்களின் பதிவு. கருவிகள் விடுபட்டதற்கு அந்தத் தேர்வே முக்கியக் காரணம். செலவு மிகுதி என்று கருதி, 1859இல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யன் இந்தப் புகைப்படப் பிரிவை மூடினார்.

அருங்காட்சியகத் தட்டுகளில் கருவிகள்

மருத்துவர் அலெக்சாண்டர் ஹன்டர் 1850இல் சென்னையில் கலைப்பள்ளி ஒன்றைத் தொடங்கினார். பின்னர் அரசு ஏற்று நடத்திய அப்பள்ளியில் புகைப்படக் கலையும் கற்பிக்கப்பட்டது. சென்னை அருங்காட்சியகத்தில் இருந்த அமராவதிச் சிற்பங்களை 1858இல் டிரைப் படம்பிடித்தார். ஒரு பொருளைத் தனியாக நிறுத்தி, எண்ணிட்டு, படமெடுத்து, அட்டவணையில் சேர்க்கும் முறை இத்தகைய பணிகளின் வழியாக வேரூன்றியது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த முறை கருவிகளுக்கும் வந்தது. 1863இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட், தென்னிந்தியாவெங்கும் திரட்டிய கற்கருவிகளைச் சென்னை அருங்காட்சியகத்துக்கு விற்றார். அவற்றின் அட்டவணை அவர் இறந்த பின் 1914இலும், விளக்கக் குறிப்புகள் 1916இலும் வெளிவந்தன. தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தெடுத்த பொருட்களின் அட்டவணை 1915இல் படத்தட்டுகளுடன் அச்சானது.

இவ்வகை அட்டவணைகள் பொருளின் வடிவத்தைப் பாதுகாத்தன. ஆயினும் அவற்றில் கருவி தனித்தே நிற்கிறது. மரக்கைப்பிடி மட்கிப்போன இரும்பு அலகை எப்படிப் பிடித்தார்கள், எதற்குப் பயன்படுத்தினார்கள் என்பதைப் படம் மட்டும் சொல்வதில்லை.

கையும் கருவியும்

கருவியைக் கைவினைஞரோடு சேர்த்துப் பதிவு செய்ததற்குச் சிறந்த முன்மாதிரி இலங்கையில் உருவானது. யாழ்ப்பாணத் தமிழ் மரபில் வந்த ஆனந்த குமாரசாமி, இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை 1908இல் வெளியிட்டார். அதற்கான புகைப்படங்களைப் பெருமளவில் எடுத்தவர் அவருடைய மனைவி எத்தல். பின்னாளில் இங்கிலாந்தில் புகழ்பெற்ற நெசவுக் கலைஞராக விளங்கியவரும் இவரே. பொருளோடு அதைச் செய்யும் முறையையும் செய்பவரையும் சேர்த்து ஆராய்ந்ததே அந்நூலின் சிறப்பு.

மதுரை வட்டாரத்தில் இத்தகைய அணுகுமுறை ஆய்வாளர்கள் வழியாக வந்தது. பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன், 1949–50இல் மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளர் வாழும் ஊர்களில் கள ஆய்வு செய்தார். அதற்கு முன் பாரிசில் நாட்டுப்புறக் கலைகளுக்கான அருங்காட்சியகத்தில் பணியாற்றியவர் அவர். 1957இல் வெளிவந்த அவருடைய நூல், உறவுமுறையோடும் வழிபாட்டோடும் வீடு, உழவு போன்ற அன்றாட வாழ்வையும் விவரிக்கிறது. அய்யனார் கோயில்களுக்கு மண்குதிரை செய்யும் வேளார்களைப் பற்றி ஸ்டீபன் இங்கிலிஸ் எழுதிய நூலை 1980இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் வெளியிட்டது.

இதே காலப்பகுதியில் மேற்கில் வேறொரு போக்கும் இருந்தது. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் வாக்கர் எவன்ஸ் 1955இல் 'ஃபார்ச்சூன்' இதழில் குறடு, கரண்டி முதலிய சாதாரணக் கைக்கருவிகளின் படங்களை வெளியிட்டார். வெறும் பின்னணியில் தனியே காட்டப்பட்ட அக்கருவிகள் சிற்பங்களைப் போலத் தோன்றின. கடையில் வாங்கும் கருவியும் கண்ணுக்கு விருந்தாகும் என்பதை அப்படங்கள் நிறுவின. ஆனால் அந்த வாசகர்களுக்குக் குறட்டின் பயன் முன்பே தெரியும். பயன் மறந்துபோன கருவிக்கு இந்த முறை போதாது.

கீழடியும் தக்களியும்

மதுரைக்குத் தென்கிழக்கே சுமார் 12 கிலோமீட்டரில், சிவகங்கை மாவட்டத்தில் உள்ளது கீழடி. இங்கு 2014-15இல் இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வைத் தொடங்கியது. 2018இல் நடந்த நான்காம் கட்டம் முதல் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை பணியை மேற்கொண்டது. நான்காம் கட்டத்தில் மட்டும் 5,820 தொல்பொருட்கள் கிடைத்தன. 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுக்கப்பட்ட மாதிரி ஒன்றின் காலம் கி.மு. 580 எனக் கணிக்கப்பட்டது. 2023 மார்ச் 5 அன்று கீழடி அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

கீழடிப் பொருட்களில் பெரும்பகுதி புழங்குபொருட்களே. சுடுமண் சில்லுகள், ஆட்டக்காய்கள், பகடை, எலும்பு முனைகள், செப்பு ஊசி, தக்களியின் சுடுமண் வட்டுகள் ஆகியவை கிடைத்துள்ளன. தக்களி வட்டுகளையும் எலும்பு முனைகளையும் ஊசியையும் சேர்த்துப் பார்த்த தொல்லியல் துறை, அங்கு நெசவுத்தொழில் நடந்திருக்க வேண்டும் என்று 2019ஆம் ஆண்டின் அறிக்கையில் கூறியது.

நடுவில் துளையுள்ள சிறு மண்வட்டு ஒன்றைத் தனியே பார்ப்பவருக்கு அது பெரிய மணியாகவோ விளையாட்டுப் பொருளாகவோ தோன்றக்கூடும். குச்சி மட்கிவிட்டது, நூலும் அழிந்துவிட்டது. அதைத் தக்களியின் பகுதி என்று சொல்ல முடிவதற்குக் காரணம், குச்சியின் அடியில் கனமான வட்டு கோத்துச் சுழற்றி நூல் நூற்கும் கருவி அண்மைக்காலம் வரை வழக்கில் இருந்ததே. காந்தியடிகளின் ஆதாரக் கல்வி முறையில் பள்ளிப் பிள்ளைகளே தக்களியில் நூற்றார்கள். வாழும் கருவியே பழைய கருவிக்கு அகராதியாக அமைகிறது. வாழும் கருவி மறைந்துபோனால், அந்த அகராதியின் இடத்தை நல்ல புகைப்படமே ஓரளவு நிரப்ப முடியும்.

அகழாய்வுப் புகைப்படத்துக்கென்று சில நெறிகள் உண்டு. பொருளின் அருகில் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் கொண்ட அளவுகோல் வைக்கப்படும். பின்னணி ஒரே நிறத்தில் இருக்கும். ஒளி பெரும்பாலும் மேல் இடப்பக்கத்திலிருந்து விழும். இதனால் மேடும் பள்ளமும் குழப்பமின்றித் தெரியும். பானை ஓட்டில் கீறிய எழுத்துகளையும் குறியீடுகளையும் படிக்க ஒளியைப் பக்கவாட்டில் சாய்த்துப் பாய்ச்சுவார்கள். அப்போது கீறலின் பள்ளத்தில் நிழல் தங்கி எழுத்து எடுப்பாகத் தெரியும்.

படத்தில் தப்பியவை

கிணற்று நீரை இறைக்க மாடுகளைப் பூட்டிய கமலை, மின் மோட்டார்கள் பரவியதும் வழக்கொழிந்தது. அதன் சால் மட்டும் சில வீடுகளில் எஞ்சியிருக்கலாம். அந்தச் சாலை எவ்வளவு தெளிவாகப் படமெடுத்தாலும் கமலை விளங்காது. மாடுகள் சரிவில் இறங்கும்போது வடம் உருளை மேல் ஓடிச் சாலைத் தூக்குவதும், சாலின் அடியில் கட்டிய தோல்வாய் மேலே வந்ததும் விரிந்து தண்ணீரைத் தானே கொட்டுவதும் தொடர்ச்சியான பல படங்களில்தான் புலப்படும்.

மதுரைச் சுங்குடிக்கும் இது பொருந்தும். புவிசார் குறியீடு பெற்ற இச்சேலையின் படங்கள் ஏராளம். துணியைச் சிறு சிறு புள்ளிகளாகக் கிள்ளி நூலால் முடிச்சிட்டு, சாயத்தில் தோய்த்து, பின் முடிச்சை அவிழ்ப்பதே பழைய முறை. முடிச்சிட்ட இடத்தில் சாயம் ஏறாததால் வெண்புள்ளி உண்டாகிறது. சௌராஷ்டிரச் சமூகப் பெண்களின் கைத்திறனாக விளங்கிய இந்த முறையின் இடத்தை இன்று அச்சுமுறைகள் பெருமளவு பிடித்துவிட்டன. முடிந்த சேலையின் படத்தை மட்டும் பார்ப்பவருக்குப் புள்ளி முடிச்சால் வந்ததா அச்சால் வந்ததா என்பது எளிதில் தெரியாது. முடிச்சிடும் விரல்களின் படமே அதைச் சொல்லும்.

பொருட்கள் படத்தில் தப்பியதற்குப் பொருளாதாரக் காரணமும் உண்டு. ஃபிலிம் சுருள் காலத்தில் ஒவ்வொரு படத்துக்கும் செலவு இருந்தது. குடும்பங்கள் திருமணத்துக்கும் காதுகுத்துக்கும் படமெடுத்தன. உலக்கைக்கோ அரிவாள்மனைக்கோ யாரும் ஒரு படத்தைச் செலவழிக்கவில்லை.

எண்ணிமக் காலம்

எண்ணிமக் கேமராவும் செல்பேசியும் இந்தத் தடையை நீக்கின. 2011-12இல் தமிழ் விக்கிப்பீடியர்கள் நடத்திய ஊடகப் போட்டி, தமிழர் வாழ்வு சார்ந்த படங்களைப் பொதுவெளியில் திரட்டியது. விக்கிமீடியா பொதுவகத்தில் சேர்ந்த அத்தகைய படங்களை யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். கைவினைப் பொருட்களையும் பொழுதுபோக்காகச் செய்தவற்றையும் படமெடுத்துப் பகிர்வது இன்று அன்றாட வழக்கமாகிவிட்டது.

இன்றைய குறை படங்களின் எண்ணிக்கையில் இல்லை. அவற்றுடன் வரும் குறிப்பில் உள்ளது. மரச் சொப்பு உரலும் உண்மையான உரலும் அளவுகோல் இல்லாத படத்தில் ஒன்றுபோலவே தெரியும். ஒரே கருவிக்கு மதுரையில் ஒரு பெயரும் திருநெல்வேலியில் வேறொரு பெயரும் இருக்கும். ஊர் குறிக்கப்படாவிட்டால் வட்டாரச் சொல்லும் தொலைந்துபோகும். எனவே ஒரு கருவியைப் பதிவு செய்யும் மாணவர் குறைந்தது ஐந்து செய்திகளைப் படத்துடன் சேர்க்க வேண்டும்: வட்டாரப் பெயர், ஊர், படமெடுத்த நாள், அளவு, பயன்படுத்தும் முறை. கருவி தனியாக ஒன்று, கையில் இயங்கும் நிலையில் ஒன்று எனக் குறைந்தது இரண்டு படங்கள் தேவை. கைவினைஞரைப் படமெடுப்பதற்கும் அவர் பெயரை வெளியிடுவதற்கும் அவருடைய ஒப்புதல் பெறுவது அடிப்படை நெறி.

டிரைப் விட்டுச்சென்ற அரண்மனைப் படங்களைக் கொண்டு பழைய மதுரையின் தூண்களையும் வளைவுகளையும் ஆராய முடிகிறது. அந்த ஆண்டில் மதுரைத் தெருக்களில் ஓடிய தறிகளை ஆராய அத்தகைய தொகுப்பு எதுவும் இல்லை. இன்று வழக்கிலுள்ள கருவிகளுக்கும் அதே நிலை வராமல் தடுக்கும் வாய்ப்பு, செல்பேசி வைத்திருக்கும் எவரிடமும் உள்ளது.